வரி விதி மாறினால் பேரோல் கட்டணத்தை எங்கே ஏற்றுவது?

பேரோல், அதாவது கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக்கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு 2026 ஏப்ரல் சாதாரண ஏப்ரல் இல்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் ஏப்ரல் 1 முதல் அமலாகிறது. சம்பளத்தில் டிடிஎஸ் (கொடுக்கும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடிக்கச் சொல்லும் 192-ஆம் பிரிவு இனி 392. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று இரண்டு ஆண்டுகளைப் பேசிக்கொண்டிருந்தது போய், வரி ஆண்டு என்ற ஒன்றே ஒன்று. வரியின் அளவு பெரிதாக மாறாததால் கிளையன்ட் கண்ணுக்கு இதில் வேலை எதுவும் தெரியாது. "அதே வரிதானே சார், நம்பர்தானே மாறுது, சாஃப்ட்வேர் பார்த்துக்காதா?" என்றுதான் கேட்பார்கள்.

சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்வது பாதி வேலையைத்தான். அப்டேட் வரும், அதற்கான வருடச் சந்தாவை நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம், சரி. ஆனால் ஒவ்வொரு கிளையன்ட்டின் சம்பளக் கூறுகளையும் புது அமைப்பில் சரியாகப் பொருத்துவது, ஒரு மாதச் சம்பளத்தைப் பழைய அமைப்பிலும் புது அமைப்பிலும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்ப்பது, ஹெச்ஆருக்குப் புரிகிற மாதிரி ஒரு கடிதம் எழுதுவது, கடிதம் போன பிறகும் வரும் போன்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் ஆள் உட்கார்ந்து செய்கிற வேலை. இந்த வருடம் கூடுதலாக இன்னொன்றும் இருக்கிறது. 2025-26-இன் கடைசிக் காலாண்டுக்கான சம்பள டிடிஎஸ் ரிட்டர்னான 24க்யூ மே 31-க்குள் போக வேண்டும், ஊழியருக்கான டிடிஎஸ் சான்றிதழான பாரம் 16 ஜூன் 15-க்குள் கொடுக்க வேண்டும், இரண்டும் பழைய சட்டப்படி. அதே ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் சம்பளத்துக்கு டிடிஎஸ் புதுச் சட்டப்படி. ஒரே மேசையில் ஒரே ஆள் இரண்டு சட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்ட வேண்டும்.

இந்த வேலைக்கான காசை யாரிடம், எப்படி வாங்குவது என்பதற்குப் புழக்கத்தில் ஐந்து வழிகள் இருக்கின்றன. ஒப்பந்தத்தின் அடுத்த ரெனியூவல் வரை நாமே தாங்கிக்கொள்வது, தலைக்கு இவ்வளவு என்ற மாதக் கட்டணத்தைக் கூட்டுவது, ஒருமுறைக் கட்டணம் போடுவது, செய்த வேலைக்குத் தனித்தனியாகப் பில் போடுவது, சட்ட மாற்றங்களுக்கென்றே வருடத்துக்கு ஒரு தொகையை முன்கூட்டியே வைத்துவிடுவது. என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எவ்வளவு கூட்டுகிறோம் என்பதைவிட, பில்லில் எந்த இடத்தில் கூட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். தப்பான இடத்தில் கூட்டினால் சிறிய தொகைகூட ஒரு கிளையன்ட்டுக்கு அநியாயமாகவும் இன்னொருவருக்கு நம் கையிலிருந்து கொடுக்கிற தானமாகவும் ஆகிவிடும்.

முதலில் வேலையைப் பிரித்துப் பாருங்கள்

விதி மாறும்போது வரும் வேலை ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருமுறை செய்து முடித்துவிடுவது ஒன்று. 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் வருடம் என்பதால் முழு பட்ஜெட் ஜூலை 23 அன்று வந்தது. புதிய வரி முறையில் (விகிதமும் குறைவு, கழிவுகளும் குறைவு) சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலையான கழிவு 50,000-லிருந்து 75,000 ஆனது, வரி அடுக்குகள் மாறின, ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ்-க்கு முதலாளி போடும் தொகைக்கான கழிவு 10 சதவீதத்திலிருந்து 14 சதவீதம் ஆனது. ஏப்ரல் தொடங்கிப் பழைய கணக்கில் வரி பிடித்திருந்தோம். புதிய முறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் வருட வரியை மறுபடி போட்டு, அதுவரை பிடித்ததைக் கழித்து, மிச்சத்தை மீதி மாதங்களுக்குப் பிரிக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஊழியர்கள் "எனக்கு இப்போ எந்த முறை லாபம்?" என்று கேட்டு வரிசையில் நின்றார்கள். கடுமையான வேலைதான், ஆனால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் முடிந்துபோன வேலை.

இரண்டாவது, வந்தால் போகாத வேலை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. இது வரிச் சட்டம் இல்லை, ஆனால் பேரோல் மேசைக்கு வந்து சேரும் இடம் ஒன்றுதான். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி வேலையை விட்டுப் போகிறவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஊதியக் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும். முன்பு மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொண்டிருந்த ஃபுல் அண்ட் ஃபைனல் இப்போது மாதத்தின் எந்தத் தேதியிலும் வரும், அவருடைய டிடிஎஸ் கணக்கையும் அன்றைக்கே முடிக்க வேண்டும். இது ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு வருடமும் இருக்கப்போகிறது.

மூன்றாவது வகையைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. விதி மாறிப் பல மாதம் கழித்து நோட்டீஸாக வரும் வேலை. ஆதாருடன் இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தன. செயலிழந்த பான் என்றால் பான் கொடுக்காததற்குச் சமம், குறைந்தது 20 சதவீதம் பிடித்திருக்க வேண்டும். சம்பளப் பட்டியலில் பான் எண் சரியாகத்தான் இருந்தது, நாம் போட்ட கணக்கிலும் பிழை இல்லை, ஆனால் வருமான வரித் துறையின் டிடிஎஸ் தளமான டிரேஸஸில் "குறைவாகப் பிடித்தீர்கள்" என்று பாக்கி வந்து நின்றது. பிறகு 2024 ஏப்ரலில் நேரடி வரி வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டு, 2024 மார்ச் 31 வரை நடந்தவற்றுக்கு, மே 31-க்குள் ஆதாரை இணைத்துவிட்டால் அந்தப் பாக்கி இல்லை என்று தளர்த்தியது. அந்தத் தளர்வு கிடைக்க ஒவ்வொரு ஊழியரையும் பிடித்து இணைக்கச் சொல்லி, இணைத்தாரா என்று சரிபார்த்து, பாக்கி நீங்கியதா என்று தளத்தில் பார்த்து முடிப்பதற்குள் ஆன நேரத்தை எந்த பில்லில் எழுதுவது? ஊழியர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, கிளையன்ட் கவனிக்கவில்லை, நாம் தவறு செய்யவில்லை, வேலை மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது.

இந்த மூன்றையும் ஒரே கட்டணத்துக்குள் திணிக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

தாங்கிக்கொள்வது

சில மாற்றங்களுக்கு இதுவே சரியான வழி. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று வந்தது, தள்ளுபடி 60,000 வரை உயர்ந்தது, அடுக்குகள் மாறின. ஊர் முழுக்கப் பேசிய மாற்றம், ஆனால் பேரோல் மேசையில் அது ஒன்றும் பெரிதில்லை. இரண்டு மாதம் முன்பே தெரியும், ஏப்ரல் முதல் நாளிலிருந்து அமல், ஏற்கெனவே பிடித்ததைத் திருத்த வேண்டியதில்லை. இதற்குப் போய்க் கட்டணம் கேட்டால் கிளையன்ட் நம்மை வேறு மாதிரிப் பார்ப்பார், அதில் அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. வருட ஆரம்பத்தில் வரும் விகித மாற்றம் நம் தொழிலின் சாதாரணப் பகுதி.

ஆனால் 2024 ஜூலை மாதிரியோ 2026 ஏப்ரல் மாதிரியோ வருவதையும் "பரவாயில்லை, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விழுங்கினால் காசு மட்டும் போவதில்லை. காசு கிடைக்காத வேலை சத்தமில்லாமல் சுருங்கிவிடும். முதலில் போவது ஒப்பிட்டுப் பார்க்கிற ஓட்டம். பழைய அமைப்பிலும் புது அமைப்பிலும் ஓட்டிப் பார்ப்பதற்கு நேரம் இல்லை, சாஃப்ட்வேர் சரியாகத்தான் போட்டிருக்கும் என்று விட்டுவிடுவோம். அந்தப் பிழை ஜூலையில் தெரியாது, ஆகஸ்டில் தெரியாது. பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் மொத்த வரியும் ஒரேயடியாகப் பிடிபடும்போது, வீட்டுக் கடன் தவணையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டிய ஒருவர் பேஸ்லிப்பைப் பார்த்து அதிர்ந்து போகிறார். கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஆளை மறந்துவிடக் கூடாது. அவர் நம் கிளையன்ட்டும் இல்லை, நம் பில்லைப் பார்ப்பதும் இல்லை, ஆனால் நம் வேலையின் விளைவு அவர் கைக்குத்தான் போகிறது.

தலைக்குக் கூட்டுவது

எல்லோரும் முதலில் கை வைக்கும் இடம் இதுதான், ஏனென்றால் சுலபம். "தலைக்கு 100 இருந்ததை 110 ஆக்குகிறோம்" என்று ஒரு வரி மெயில் போதும். நான் இதை ஒருமுறை வேலைகளுக்கு ஒத்துக்கொள்வதே இல்லை, ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் எல்லாம் கணக்குக்காக வைத்தவை, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கிளையன்ட்டிடம் 8 பேர், இன்னொருவரிடம் 120 பேர். தலைக்கு மாதம் 100 ரூபாய். புதுச் சட்டத்துக்கு மாற்றும் வேலை சிறியவருக்கு 6 மணி நேரம், பெரியவருக்கு 14 மணி நேரம் என்று வையுங்கள். பதினைந்து மடங்கு ஆள் இருந்தாலும் வேலை பதினைந்து மடங்கு ஆகாது, ஏனென்றால் சம்பளக் கூறுகளைப் பொருத்துவது, கடிதம் எழுதுவது, ஹெச்ஆருக்கு விளக்குவது எல்லாம் கம்பெனிக்கு ஒருமுறைதான். ஒரு மணி நேரம் நமக்கு 500 ரூபாய் என்றால் சிறியவருக்கு 3,000, பெரியவருக்கு 7,000 செலவு. இப்போது தலைக்குப் பத்து சதவீதம் கூட்டினால் சிறியவரிடம் மாதம் 80, வருடத்துக்கு 960 ரூபாய் வரும். பெரியவரிடம் மாதம் 1,200, வருடத்துக்கு 14,400. சிறியவரிடம் 2,040 ரூபாய் குறைவாக வாங்குகிறோம், பெரியவரிடம் 7,400 ரூபாய் கூடுதலாக வாங்குகிறோம். அதோடு முடியவில்லை. இரண்டாவது வருடம் அந்த மாற்று வேலையே கிடையாது, ஆனால் பெரியவர் மறுபடியும் 14,400 கட்டுகிறார். அவர் ஒருநாள் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு இடம் தேடுவார். போனால் நம்மிடம் மிச்சம் இருப்பது நஷ்டத்தில் ஓடும் சின்னக் கணக்குகள்தான்.

தலைக்கட்டணத்தைக் கூட்டுவதற்கு நியாயமான நேரம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஊழியருக்கும் ஒவ்வொரு மாதமும் செய்கிற வேலை உண்மையாகவே கூடியிருந்தால் கூட்டலாம். 2023-24 முதல் புதிய வரி முறைதான் இயல்பானது என்று ஆனபோது, வருட ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் எந்த முறை என்று கேட்டு வாங்குவதும், சொல்லாதவருக்குப் புதிய முறையில் பிடிப்பதும், பழைய முறை என்றவருக்கு மட்டும் வாடகை, 80சி முதலீட்டு ஆதாரங்களைப் பார்ப்பதும் என்று வேலையின் அமைப்பே மாறியது. கூட்டுவதா குறைப்பதா என்று கேட்டால், பழைய முறையில் அதிகம் பேர் இருக்கும் கம்பெனியில் ஆதாரம் பார்க்கிற வேலை அப்படியே இருந்தது, புதிய முறைக்கு எல்லோரும் போய்விட்ட கம்பெனியில் ஜனவரி, பிப்ரவரி வேலை நன்றாகவே குறைந்தது. குறைந்த இடத்தில் நாமே முன்வந்து கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்தால், அடுத்த முறை கூட்டும்போது யாரும் சண்டை போட மாட்டார்கள்.

ஒருமுறைக் கட்டணம்

மேலே போட்ட கணக்கில் 3,000-மும் 7,000-மும் நேராக வந்து உட்காரும் இடம் இது. வேலை ஒருமுறை, பில் ஒருமுறை, அதோடு முடிந்தது. நேர்மையான வழி, ஆனால் கிளையன்ட் மனதில் இதுதான் அதிகம் உறுத்தும். தலைக்குப் பத்து ரூபாயை முணுமுணுத்துக்கொண்டு கட்டுகிறவர் 3,000 ரூபாய்க்கு ஒரு தனி பில்லைப் பார்த்ததும் போனை எடுப்பார். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நமக்குக் கட்டும் ஜிஎஸ்டியைத் தன் ஜிஎஸ்டியில் கழித்து உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளும் கம்பெனிக்கு அது பொருட்டில்லை, ஆனால் பள்ளிக்கூடம், மருத்துவமனை மாதிரி வரிவிலக்குள்ள சேவை தருகிறவர்களால் அதை எடுக்க முடியாது, அவர்களுக்கு 3,000 என்பது 3,540 ஆகவே போய் நிற்கும். தொகை சொல்லும்போது இவர்களிடம் வரியோடு சேர்த்துச் சொல்லிவிடுவது மரியாதை.

இந்த வழி எடுபட இரண்டு விஷயம் வேண்டும். வேலையை ஆரம்பிக்கும் முன் சொல்ல வேண்டும், முடித்த பிறகு சொன்னால் அது எவ்வளவு நியாயமான தொகையாக இருந்தாலும் கறந்தது போலத்தான் தெரியும். அப்புறம், உச்சவரம்பு சொல்ல வேண்டும். "14 மணி நேரம் என்று நினைக்கிறோம், கூடினாலும் 7,000-க்கு மேல் போகாது" என்ற ஒரு வாக்கியம் பாதிப் பேச்சுவார்த்தையை முடித்துவிடும். நேரம் கூடினால் நம் நஷ்டம்தான், ஆனால் முதல் இரண்டு மூன்று கிளையன்ட்டுகளுக்கு மாற்றிப் பார்த்துவிட்டால் மற்றவர்களுக்கு எவ்வளவு ஆகும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும், அதனால் எல்லோருக்கும் ஒரே நாளில் தொகை சொல்ல அவசரப்படாமல் இருப்பது நல்லது.

குறை என்ன என்றால், வருடாவருடம் "இது ஒருமுறைதான்" என்று சொல்ல முடியாது. 2024-இல் சொன்னோம், 2026-இல் சொல்கிறோம், நடுவில் தொழிலாளர் சட்டத்துக்கும் சொல்லியிருந்தால் அந்த வார்த்தைக்கு மதிப்பே இருக்காது.

தனித்தனிப் பில்

வக்கீல் பாணி. திருத்த ரிட்டர்ன் ஒன்றுக்கு இவ்வளவு, பாரம் 16 மறுபடி எடுக்க இவ்வளவு, ஊழியர் அறிவிப்பு ஒன்றைச் சரிபார்க்க இவ்வளவு. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நியாயமானது இல்லை, வேலை செய்தவனுக்குக் கூலி. நடைமுறையில் இது ஆபத்தானது, ஒரு இடத்தில் மட்டும் மிகச் சரியானது.

ஆபத்து எங்கே என்றால், 2024 அக்டோபரில் வந்த 12பிஏஏ படிவத்தைப் பாருங்கள். ஊழியர் வேறு வருமானத்தில் பிடிபட்ட டிடிஎஸ்ஸையும், கார் வாங்கும்போதோ வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதோ கட்டிய டிசிஎஸ்ஸையும் (விற்பவரோ வங்கியோ வசூலிக்கும் வரி) முதலாளியிடம் சொன்னால், சம்பளத்தில் பிடிக்கும் வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். 10 லட்சத்துக்கு மேல் கார் வாங்கி ஒரு சதவீதம் டிசிஎஸ் கட்டியவர் ரீஃபண்டுக்காக அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டாம், நல்ல ஏற்பாடு. இதைச் சரிபார்க்க ஒவ்வொரு படிவத்துக்கும் நமக்கு நேரம் ஆகிறது என்பது உண்மை. ஆனால் படிவத்துக்கு இவ்வளவு என்று வைத்தால் என்ன நடக்கும்? ஹெச்ஆர் அந்தப் படிவத்தைப் பற்றி ஊழியர்களிடம் சொல்லவே மாட்டார், கேட்டு வந்தவரிடமும் "ரிட்டர்ன் போடும்போது எடுத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். ஊழியருக்குச் சட்டம் கொடுத்த ஒன்றை நம் விலைப்பட்டியல் தடுத்த மாதிரி ஆகும். ஊழியரின் உரிமையோடு சேர்ந்த எந்த வேலைக்கும் எண்ணிக்கை வைத்துக் கட்டணம் போடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அதைத் தலைக்கட்டணத்துக்குள் சேர்த்துவிட வேண்டும், கேட்பவர் சிலர்தான் என்றாலும்.

மிகச் சரியான இடம், கிளையன்ட்டால் வந்த திருத்தம். பான் தப்பாகக் கொடுத்தார்கள், போனஸ் கொடுத்ததை மார்ச் முடிந்த பிறகு சொன்னார்கள், சலான் கட்டியதில் வருடத்தை மாற்றிப் போட்டார்கள். இவற்றுக்குத் திருத்த ரிட்டர்ன் போடுவது தனிக் கட்டணம்தான், கட்டணம் இருந்தால்தான் அடுத்த முறை தகவல் ஒழுங்காக வரும். நம் பிழையால் வந்த திருத்தம் இலவசம், இதில் பேச்சே இல்லை. விதி மாற்றத்தால் வந்த திருத்தம்? அதை இந்த இரண்டிலும் சேர்க்காதீர்கள். ஆதார் இணைப்பு விவகாரம் மாதிரி வருவதைக் கிளையன்ட் தலையில் ஒவ்வொன்றாகப் பில் போட்டால் அவர் "இது உங்கள் வேலை இல்லையா" என்பார், இலவசமாகச் செய்தால் நாம் மூழ்கிப்போவோம். அதற்கு அடுத்த வழிதான் பொருத்தம்.

ஃபுல் அண்ட் ஃபைனல் விஷயத்தில் மட்டும் எண்ணிக்கைக் கட்டணம் பாதி வரைக்கும் சரி. ஆள் வந்து வந்து போகும் தொழிற்சாலைக்கும், வருடத்துக்கு இரண்டு பேர் விலகும் அலுவலகத்துக்கும் ஒரே தொகை எப்படிப் பொருந்தும்? மாதத்துக்கு இத்தனை இடைக்கால ஓட்டம் (மாத நடுவில் சம்பளக் கணக்கை ஓட்டுவது) கட்டணத்துக்குள், அதற்கு மேல் ஓட்டத்துக்கு இவ்வளவு என்று வைக்கலாம். தலைக்கு இல்லை, ஓட்டத்துக்கு. ஒரே நாளில் நான்கு பேர் விலகினால் ஓட்டம் ஒன்றுதான்.

வருடத்துக்கு ஒரு தொகை முன்கூட்டியே

கம்பெனிக்கு இவ்வளவு என்று ஒரு வருடாந்திரச் சட்ட மாற்றக் கட்டணம். மாற்றம் வந்தாலும் வராவிட்டாலும் உண்டு, வந்தால் கூடுதலாகக் கேட்பதில்லை. முதலில் இது எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது, மாற்றமே வராத வருடத்தில் எதற்குக் காசு என்று. கடந்த சில வருடங்களை வரிசையாகப் பார்த்ததும் உறுத்தல் போய்விட்டது. 2019-இல் பாரம் 16-உம் 24க்யூவின் இரண்டாம் இணைப்பும் வருடம் முடிந்த பிறகு, ஏப்ரலில் மாற்றப்பட்டன. அதனால் 24க்யூவுக்கு ஜூன் 30 வரையும் பாரம் 16-க்கு ஜூலை 10 வரையும் அவகாசத்தை நீட்டினார்கள், அதாவது நம் கோடைகாலம் முழுக்க அதிலேயே போனது. 2020-இல் புதிய வரி முறை. 2021-இல் வருடத்துக்கு 2.5 லட்சத்துக்கு மேல் ஊழியர் போடும் பிஎஃப்-இன் வட்டிக்கு வரி. 2023-இல் புதிய முறையே இயல்பானது, கூடவே ஆதார் இணைப்பு. 2024-இல் நடுவருட பட்ஜெட்டும் 12பிஏஏவும். 2025-இல் 12 லட்சம், தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். 2026-இல் சட்டமே புதிது. இதற்கிடையில் ரிட்டர்னைச் சரிபார்க்கும் எஃப்வியூ கருவியின் புதுப் பதிப்புகள் அவ்வப்போது வந்துகொண்டே இருக்கும், அதைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை. மாற்றம் வராத வருடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி இருக்கும்போது மாற்றத்தை எதிர்பாராத விருந்தாளி மாதிரி ஒவ்வொரு தடவையும் கையாள்வதில் அர்த்தம் இல்லை.

கிளையன்ட்டுக்கு இதில் பெரிய நன்மை, ஏப்ரலில் பட்ஜெட் போடும்போதே தெரிந்த தொகை. நமக்கு நன்மை, 2019 மாதிரியோ 2024 மாதிரியோ வரும்போது பில் பேச்சு பேசாமல் உடனே வேலையில் இறங்கலாம். ஜூலை 23 பட்ஜெட்டை ஆகஸ்ட் சம்பளத்துக்குள் கொண்டுவர வேண்டிய நிலையில் எந்த கிளையன்ட் ஒப்புதலுக்காகக் காத்திருப்பது? குறை, தொகையைக் கணிப்பது நம் பொறுப்பு. குறைத்துக் கணித்தால் நம் பாடு. மேலே போட்ட மாதிரி மணி நேரக் கணக்கை மூன்று வருடச் சராசரியாக எடுத்தால் ஓரளவு சரியாக வரும், அதற்கு முதலில் எந்த கிளையன்ட்டுக்கு எவ்வளவு நேரம் போனது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதி வைக்காதவர்கள் இந்த வருடம் ஒருமுறைக் கட்டணத்தோடு நிறுத்திக்கொண்டு, இப்போதிலிருந்து எழுத ஆரம்பிப்பது நல்லது.

எனக்குச் சரியாகப் படுவது

கம்பெனிக்கு ஒரு அடிப்படைக் கட்டணம், தலைக்கு ஒரு கட்டணம், இரண்டும் தனித்தனியாகப் பில்லில் தெரிய வேண்டும். சட்ட மாற்றத் தொகை அடிப்படைக் கட்டணத்தின் பக்கம் சேர வேண்டும், தலைப்பக்கம் சேரக் கூடாது. தலைக்கட்டணம் ஒவ்வொரு ஊழியருக்குமான மாத வேலை மாறினால் மட்டும் மாறும். சட்டமே மாறுவது மாதிரி பெரிய ஒன்று வந்தால் மட்டும், முன்கூட்டியே சொல்லி, உச்சவரம்போடு, ஒருமுறைக் கட்டணம். 120 பேர் உள்ளவரிடம் இந்த அமைப்பை விளக்கினால் அவர் சந்தோஷமாகவே ஒத்துக்கொள்வார், அவருக்கு மேலே பார்த்த 14,400 இல்லாமல் போகிறதே.

இதெல்லாம் கிளையன்ட்டோடு போடும் ஒப்பந்தக் கடிதமான எங்கேஜ்மென்ட் லெட்டரில் முன்பே எழுதியிருந்தால்தான் செல்லும். ரெனியூவலை ஜனவரியில் அனுப்புகிறவர்கள் பட்ஜெட் வரும் முன்பே தொகையைப் பூட்டிவிடுகிறார்கள். முடிந்தால் பிப்ரவரி நடுவில் அனுப்புங்கள். எப்போது அனுப்பினாலும் இந்த மாதிரி ஒரு பத்தி இருக்கட்டும்: "ஆண்டின் நடுவில் சட்டமோ, படிவமோ, தாக்கல் முறையோ மாறினால் அதற்கான வேலை வருடாந்திரச் சட்ட மாற்றக் கட்டணத்துக்குள் அடங்கும். ஊழியர் அனைவரின் கணக்கையும் புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டிய அளவுக்கு மாற்றம் இருந்தால், வேலை தொடங்கும் முன் எழுத்தில் தொகையும் உச்சவரம்பும் தெரிவித்து ஒப்புதல் பெறுவோம்." வக்கீல் மொழி வேண்டாம், ஹெச்ஆர் படித்ததும் புரிந்தால் போதும்.

அபராதத்தைப் பற்றியும் அதே லெட்டரில் ஒரு வரி வேண்டும், ஏனென்றால் விதி மாறும் காலாண்டில்தான் தாமதம் நடக்கும். 24க்யூ தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய், மொத்தம் டிடிஎஸ் தொகைக்கு மேல் போகாது. 20 நாள் தாமதம் என்றால் 4,000 ரூபாய். மாதம் 800 ரூபாய் வாங்கும் கணக்கில் ஒரு தாமதம் ஐந்து மாத வருமானத்தைச் சாப்பிட்டுவிடும். தகவல் இந்தத் தேதிக்குள் வந்திருந்தால் தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பு, வரவில்லை என்றால் நீங்கள் பொறுப்பு என்று தேதியோடு எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

மிச்சம் இருப்பது அந்த 8 பேர் கணக்கு. மாதம் 800 ரூபாய் கட்டுகிறவரிடம் 3,000 ரூபாய் கேட்பது கஷ்டம்தான், நியாயமாக இருந்தாலும். இவர்களுக்கு நான் மூன்று வழி சொல்வேன். தொகையை ஆறு மாதத்துக்குப் பிரித்து மாதம் 500 ஆக வாங்கலாம். அல்லது வேலையைக் குறைக்கலாம்: ஊழியர்களின் கேள்விகளுக்கு நாம் நேரடியாகப் பதில் சொல்லாமல், எல்லா சிறிய கிளையன்ட்டுகளுக்கும் சேர்த்து ஒரே விளக்கக் கடிதம், ஒரே ஆன்லைன் கூட்டம் என்று வைத்தால் 6 மணி நேரம் 3 ஆகக்கூடும், தொகையும் பாதியாகும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் ஓட்டத்தை மட்டும் குறைக்காதீர்கள். இரண்டுக்கும் அவர் சம்மதிக்கவில்லை என்றால் கணக்கைக் கைமாற்றிவிடுவது நல்லது, அதையும் மார்ச் முதல் வாரத்துக்குள் சொல்லி, வருடக் கணக்கு முழுவதையும் ஒழுங்காக எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். ஏப்ரல் சம்பளம் போடுவதற்குள் அவருக்கு வேறு ஒருவரைத் தேட நேரம் வேண்டும்.